‘உபரி’ நிலம்: பாலிகஞ்சிலிருந்து ஒரு சொல்லின் வரலாறு

2024 செப்டம்பரில் மேற்கு வங்காளப் போக்குவரத்து அமைச்சர் சினேகாசிஷ் சக்கரவர்த்தி, கொல்கத்தாவின் டிராம் சேவை நிறுத்தப்படும் என்றும், எஸ்பிளனேடுக்கும் மைதானத்துக்கும் இடையே மட்டும் ஒரு பாரம்பரியத் தடம் ஓடும் என்றும் அறிவித்தார். அன்றைக்கு நகரில் எஞ்சியிருந்த தடங்கள் இரண்டு. ஒன்று வடக்கே சியாம்பஜாரிலிருந்து எஸ்பிளனேடு வருவது. மற்றொன்று 25ஆம் எண் வண்டி, தெற்கே பாலிகஞ்சின் கரியாஹாட் பணிமனையில் புறப்பட்டுப் பார்க் சர்க்கஸ் வழியாக எஸ்பிளனேடு சேர்வது. செய்தித்தாள்கள் பெரும்பாலும் நினைவேக்கத்தையே எழுதின. மணியோசை, மரப்பலகை இருக்கைகள், மெல்ல நகரும் மாலைப்பொழுது என்று கட்டுரைகள் நிறைந்தன. அவற்றுள் அரிதாகவே எழுந்த கேள்வி நிலத்தைப் பற்றியது. வண்டி நின்றபின் வண்டி நின்றிருந்த இடம் யாருக்கு உரியது? அது ‘பயன்பாடற்ற அரசு நிலம்’ என்று எழுதப்படும் தருணம் எது? அதை எழுதும் கை யாருடையது?

பாலிகஞ்ச் இக்கேள்வியைக் கேட்பதற்குப் பொருத்தமான இடம். இப்பகுதியின் நிலம் நூறாண்டு இடைவெளியில் இருமுறை ‘பயனற்றது’ என்று வகைப்படுத்தப்பட்டது. முதல்முறை அரசு அதை வாங்கி, பண்படுத்தி, கூறுபோட்டு விற்றது. இரண்டாம் முறை அரசு தன் கையிலிருந்ததையே ‘உபரி’ என்று பெயரிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நிலம் தானாகப் பயனற்றுப் போவதில்லை என்பது தெரியவரும்.

முதலில் சொற்களைப் பற்றிச் சிறிது. தமிழில் அரசு நிலத்தைக் குறிக்கும் பழகிய சொல் ‘புறம்போக்கு’. இன்று அது ஏச்சுச் சொல்லாகவும் வழங்குகிறது. வருவாய்த்துறை வழக்கில் அதன் பொருள் எளியது: தீர்வைக்குப் புறத்தே போன நிலம். சுடுகாடு, வண்டிப்பாதை, ஏரிக்கரை, மேய்ச்சல்வெளி, களத்துமேடு ஆகிய அனைத்தும் புறம்போக்கே. அதாவது அரசுக்கு வரி தராத நிலமே தவிர, ஊருக்குப் பயன் தராத நிலம் அன்று. வரி தராதது பயன் தராதது என்னும் பொருள்மாற்றம் பிற்காலத்தது. அந்த மாற்றம் அகராதியில் நிகழ்ந்ததைவிடக் கோப்புகளில் நிகழ்ந்தது அதிகம். வங்காளத்தில் இதற்கிணையான சொல் ‘காஸ்’. அரபியில் ‘தனக்கென உரியது’ என்னும் பொருளுடைய அச்சொல், முகலாயர் நிர்வாகத்தின் வழியே வந்து, இடைத்தரகரின்றி அரசே நேரடியாக வைத்திருக்கும் நிலத்தைக் குறித்தது. ‘புறம்போக்கு’ வெளியே தள்ளுகிறது. ‘காஸ்’ உள்ளே அணைத்துக்கொள்கிறது. இரண்டில் எதுவும் ‘வேண்டாதது’ என்று சொல்லவில்லை. அப்பொருளைக் கொண்டுவந்தது ‘உபரி’ என்னும் மூன்றாவது சொல், வங்காளத்தில் ‘உத்பிரித்தோ’. அதன் கதைக்குப் பின்னர் வரலாம்.

பாலிகஞ்ச் என்பதற்கு மணல் விற்கும் சந்தை என்று பொருள்கொள்வர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்கத்தாவைச் சூழ்ந்திருந்த ‘பஞ்சான்னகிராம்’ எனப்பட்ட ஐம்பத்தைந்து கிராமத் தொகுதி, நகர எல்லைக்கு வெளியே நெடுங்காலம் நின்ற புறநகர்ப் பகுதி; பாலிகஞ்சும் அப்புறநகரத்ததே. கவர்னர் ஜெனரலின் மெய்க்காப்புப் படை இங்குத்தான் முகாமிட்டிருந்தது. அம்முகாமின் மைதானம் இன்றும் படைத்துறையிடம் உள்ளது. ஐரோப்பியர்களின் தோட்டவீடுகள் சில, குளங்கள் பல, நெல்வயல், மூங்கில் தோப்பு, சதுப்பு என்று கிடந்த ஊர். 1862-63இல் போர்ட் கானிங்கை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை இவ்வழியே போடப்பட்டபோதும் ஊர் நகரமாகிவிடவில்லை.

நகரமாக்கியது கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை. பிளேக் நோய்க்குப் பின் பம்பாயில் 1898இல் அமைக்கப்பட்ட அறக்கட்டளையை முன்மாதிரியாகக் கொண்டு, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1912இல் இது செயல்படத் தொடங்கியது. முதல் தலைவர் சி. எச். பாம்பஸ். நெரிசலான வடக்குப் பகுதியில் தெருக்களை வெட்டித் திறப்பதும், தெற்கிலும் கிழக்கிலும் புதிய குடியிருப்புகளை அமைப்பதும் அதன் பணி. பணத்துக்கு என்ன வழி? இங்குத்தான் ‘மீட்டெடுப்பு’ என்று தமிழில் சொல்லத்தக்க ஓர் உத்தி வருகிறது. ஒரு சாலைக்கு அறுபதடி அகலம் போதுமென்றால், சாலையின் இருபுறமும் கூடுதலாக நிலத்தைக் கட்டாயக் கையகப்படுத்தலில் எடுத்துக்கொள்வது. சாலை போட்டபின் மதிப்பு உயர்ந்த அந்த முகப்பு மனைகளை விற்று, சாலைக்கான செலவை மீட்டுக்கொள்வது. இன்றைய நகரத் திட்டமிடலாளர்கள் புதுமையெனப் பேசும் ‘மதிப்புக் கவர்தல்’ இதுவன்றி வேறில்லை.

நிலம் இழந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சாலைக்காக எடுப்பது பொதுநோக்கம், விற்பதற்காக எடுப்பது எப்படிப் பொதுநோக்கமாகும் என்று வழக்காடினர். கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் அவ்வாதம் எடுபட்டது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அங்கே அறக்கட்டளை வென்றது. சட்டம் தரும் அதிகாரத்தில் மீட்டெடுப்புக்கான கையகப்படுத்தலும் அடங்கும் என்ற அத்தீர்ப்பு இல்லாவிட்டால் இன்றைய தென்கல்கத்தா இவ்வடிவில் இருந்திராது. ராஷ்பிஹாரி அவென்யூ, சதர்ன் அவென்யூ, அவற்றை வெட்டும் நேர்க்கோட்டுத் தெருக்கள் எல்லாம் அத்தீர்ப்பின்மேல் எழுந்தவை. ராஷ்பிஹாரி அவென்யூவின் பழைய பெயர் ‘மெயின் சூவர் ரோடு’. நகரின் தலைமைக் கழிவுநீர்க் குழாயின் தடமே பின்னாளில் மரங்கள் நிழல்தரும் பெருஞ்சாலையானது. பெயர் மாற்றத்தின் நயத்தையும் சொல்லவேண்டும். ராஷ்பிஹாரி கோஷ் வழக்கறிஞர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரிக்குப் பெருநிதி தந்தவர். அதே கல்லூரிக்குத் தம் நிலத்தையும் சொத்தையும் அளித்த தாரக்நாத் பாலித்தின் பெயர் பாலிகஞ்ச் வளாகத்துக்கு இருக்கிறது. அரசு தனியாருக்கு மனை விற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தனியார் சிலர் பொதுவுக்கு நிலம் தந்துகொண்டிருந்தனர்.

1920களின் தொடக்கத்தில் டாக்குரியாவையொட்டி ஏறத்தாழ 192 ஏக்கர் சதுப்பு நிலத்தை அறக்கட்டளை எடுத்தது. அதில் ஓர் ஏரி தோண்டப்பட்டது. நீர்ப்பரப்பு 73 ஏக்கர். தோண்டிய மண் வீணாகவில்லை. சுற்றிலும் இருந்த தாழ்நிலத்தை உயர்த்தி மனைகளாக்க உதவியது. ஏரி அழகுக்காகத் தோண்டப்பட்டது என்பதைவிட மண்ணுக்காகவும் தோண்டப்பட்டது என்பதே சரி. 1958இல் அதற்கு ரவீந்திர சரோவர் என்று பெயர் வந்தது. இதே பத்தாண்டில் சென்னையில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். நெடிய ஏரி எனப்பட்ட மாம்பலம் ஏரிப்பகுதியை வடித்துத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தியாகராய நகர் எழுந்தது. கல்கத்தா சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி அம்மண்ணால் மனை செய்தது. சென்னை ஏரியையே மனையாக்கியது. இரண்டிலும் விற்பனையாளர் அரசமைப்பே. இரண்டிலும் வாங்கியோர் அலுவலகச் சம்பளக்காரர்களும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும். ஆனால் ஒரு நகரத்துக்கு மழைநீர் சேர ஓர் இடம் மிஞ்சியது. மற்றதன் கணக்கை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் எழுதிக்கொண்டிருக்கிறது.

தமிழர் வரலாற்றுக்கும் இதில் ஓரிடம் உண்டு. வணிக நிறுவனங்களிலும் இரயில்வேயிலும் கணக்கராகவும் தட்டச்சராகவும் கல்கத்தா வந்த தென்னிந்தியர்கள் குடியேறியது, அறக்கட்டளை உருவாக்கிய இத்தெருக்களில்தான். லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பித்தூளும் கிடைக்கும் ஒரு சிறு தென்னகம் வளர்ந்தது. புலம்பெயர்ந்தோர் வரலாற்றை எழுதுவோர் மொழியையும் கோயிலையும் உணவையும் எழுதுகின்றனர். அவர்கள் வாடகைக்கு எடுத்த வீடு நின்ற மனை எந்த நிலக்கொள்கையால் உண்டானது என்பதை எழுதுவதில்லை. அந்த லேக் மார்க்கெட் பின்னர் மாநகராட்சியின் பொது-தனியார் கூட்டு முயற்சியில் இடிக்கப்பட்டு ‘லேக் மால்’ ஆயிற்று. காய்கறிக் கடைகள் அதன் கீழடுக்கில் தொடர்கின்றன.

மேம்பாட்டு அறக்கட்டளையின் கணக்கில் வராத ஒரு பகுதியும் உண்டு. சதுப்பு என்றும் ‘பஸ்தி’ என்றும் எழுதப்பட்ட இடங்களில் மக்கள் வாழ்ந்தனர். கல்கத்தாவின் பஸ்தி முறையில் நிலம் ஒருவருக்கு, அதன்மேல் குடிசை வேறொருவருக்கு, அதில் குடியிருப்பு மூன்றாமவருக்கு. இழப்பீடு மேலிருந்து கீழே வரும்போது மூன்றாமவரை எட்டுவதில்லை. அகற்றப்பட்டோருக்கு மாற்று வீடு கட்டுவதில் அறக்கட்டளை பின்தங்கியே இருந்தது. ‘பயனற்ற சதுப்பு’ என்ற விவரிப்பு அவர்களைச் சேர்த்தே அழித்தது. எனினும் ஒரு செய்தியை மறுக்க முடியாது. விற்ற பணம் சாலையாகவும் சாக்கடையாகவும் ஏரியாகவும் அதே மண்ணுக்குத் திரும்பியது. இதை நினைவில் இருத்திக்கொண்டு டிராமுக்கு வரவேண்டும்.

கல்கத்தாவில் முதல் குதிரை டிராம் 1873 பிப்ரவரி 24 அன்று சியால்டாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை ஓடியது. அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றது. பின்னர் லண்டனில் பதிவான கல்கத்தா டிராம்வே கம்பெனி 1880இல் மீண்டும் தொடங்கியது. தொடங்கிவைத்தவர் ரிப்பன் பிரபு, சென்னையின் மாநகராட்சி மாளிகைக்குப் பெயர் தந்த அதே ரிப்பன். நூற்றாண்டின் முடிவில் கம்பெனியிடம் 166 வண்டிகளும் ஏறத்தாழ 1,000 குதிரைகளும் இருந்தன. குதிரைகள் இருந்தால் இலாயம் வேண்டும், வைக்கோல் போர் வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும். டிராம் பணிமனைகளின் பரப்புக்கு இதுவும் ஒரு தொடக்கக் காரணம். 1902இல் மின்சார டிராம் வந்தது. ஆசியாவிலேயே முதலாவது என்று கொல்கத்தாவில் பெருமையாகச் சொல்வதுண்டு. சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது என்பதை அங்குள்ள நண்பர்களுக்கு மெதுவாக நினைவூட்டலாம். அந்தச் சென்னை டிராம் 1953 ஏப்ரலில் நட்டத்தில் நின்றுபோனது.

பாலிகஞ்சுக்கு டிராம் வந்தது 1920களின் இறுதியில், அறக்கட்டளை போட்ட புதுச்சாலையின் வழியே. மனை விற்பனையும் டிராம் தடமும் ஒன்றையொன்று வளர்த்தன. டிராம் போகும் தெருவில் மனைக்கு விலை கூடியது. மனை விற்ற தெருவில் டிராமுக்குப் பயணிகள் கூடினர். 1954 அக்டோபரில் கவிஞர் ஜீவனானந்த தாஸ் அடிபட்டதும் இதே ராஷ்பிஹாரி அவென்யூ டிராமில்தான்; எட்டு நாள் கழித்து அவர் இறந்தார். நகரத்தின் இலக்கிய நினைவில் அவ்வண்டிக்கு இப்படியும் ஓரிடம்.

பொதுமக்களுக்கும் டிராமுக்கும் இருந்த உறவைப் புரிந்துகொள்ள 1953 ஜூலையைப் பார்க்கவேண்டும். பிரித்தானியக் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. நகரம் கொந்தளித்தது. மறியல், துப்பாக்கிச் சூடு, ஊரடங்கு என நீண்ட போராட்டத்தின் முடிவில் உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியைப் பின்னாளில் வாங்கிக்கொள்ளும் உரிமையை அரசுக்கு ஏற்கெனவே தந்திருந்தது. 1967 ஜூலையில் முதல் ஐக்கிய முன்னணி அரசு நிர்வாகத்தைக் கையிலெடுத்தது. 1976 நவம்பரில் சொத்து முழுவதும் அரசுடைமையானது. தண்டவாளமும் வண்டியும் வந்ததுபோலவே பணிமனை நிலங்களும் அன்று பொதுச்சொத்தாயின. அவை போராட்டத்தின் வழியே, சட்டமன்றத்தின் வழியே, பொதுப்பணத்தின் வழியே வந்தவை; யாரும் கைவிட்டுப்போன நிலத்தை அரசு கண்டெடுக்கவில்லை.

இந்த 1967 என்னும் ஆண்டில் ‘உபரி’ என்ற சொல் வேறோர் இடத்தில் பெருஞ்சூட்டோடு புழங்கிக்கொண்டிருந்தது. மேற்கு வங்காளத்தின் 1953, 1955ஆம் ஆண்டு நிலச்சட்டங்கள் தனியார் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு உச்சவரம்பு விதித்தன. வரம்புக்கு மேற்பட்டது உபரி. உபரி அரசிடம் வந்தால் அது காஸ். காஸ் நிலம் உழவருக்குப் பிரித்துத் தரப்படும். ஐக்கிய முன்னணியின் நிலத்துறை அமைச்சர் ஹரேகிருஷ்ண கோனார், பினாமிப் பெயர்களில் மறைக்கப்பட்ட உபரியைக் கண்டுபிடிப்பதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டத்தின் ‘மிகை நிலம்’ இதன் உடன்பிறப்பு. 1976இல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஆக, 1950கள் முதல் 1970கள் வரை ‘உபரி’ என்றால் ஒரு திசை உண்டு: தனியாரிடமிருந்து அரசுக்கு, அரசிடமிருந்து நிலமற்றோருக்கு. அளவுகோல், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு போதும் என்பது.

இருபத்தோராம் நூற்றாண்டில் அச்சொல் அப்படியே இருக்கிறது. திசை மட்டும் திரும்பிவிட்டது. இப்போது வரம்புக்கு மேல் வைத்திருப்பது அரசு. ஒப்படைக்கவேண்டியதும் அரசு. பெற்றுக்கொள்வது ஏலத்தில் வெல்பவர். இந்தத் திருப்பம் எந்தச் சட்டத்தின் முகவுரையிலும் அறிவிக்கப்படவில்லை என்பதுதான் சொல்லாய்வு செய்வோர் கவனிக்கவேண்டியது. குடும்பத்துக்கு எவ்வளவு நிலம் போதும் என்பதைச் சட்டமன்றம் ஏக்கரில் எழுதியது. ஓர் அரசுப் போக்குவரத்து நிறுவனத்துக்கு எவ்வளவு நிலம் போதும் என்பதை எழுதிவைத்த அட்டவணை ஏதுமில்லை. அதைத் தீர்மானிப்பது துறையின் குறிப்பாணை.

2010களின் முற்பகுதியில் மேற்கு வங்காள அரசு டாலிகஞ்ச், பெல்காச்சியா உள்ளிட்ட டிராம் பணிமனைகளின் ‘உபரி’ நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாருக்கு விட முடிவுசெய்தது. தென்கல்கத்தாவில் நிலத்தைக் கட்டாவில் அளப்பர். ஒரு கட்டா 720 சதுர அடி. ஒரு பணிமனை என்பது கட்டா கணக்கில் பெருஞ்செல்வம். டாலிகஞ்ச் நிலம் ஒரு கட்டுமான நிறுவனத்துக்குப் போனது. இடதுசாரி ஆட்சியிலும் டிராம் தடங்கள் குறைந்துகொண்டேதான் இருந்தன. ஹவுரா பாலத்திலிருந்து டிராம் அகற்றப்பட்டதும், சுரங்க இரயில் பணிக்காக எடுத்த தண்டவாளங்கள் திரும்பிப் போடப்படாததும் அக்காலத்தவை. எனவே இதை ஒரு கட்சியின் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 2011அளவில் முப்பதுக்கு மேற்பட்ட தடங்கள் இருந்தன என்பதையும் 2024இல் அவை இரண்டாகியிருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

இங்கே ஒரு பொறியியல் நுட்பத்தை விளக்கியாக வேண்டும். வாதத்தின் அச்சாணி அதில் இருக்கிறது. பல நகரங்களின் டிராம்களுக்கு இருமுனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. தடத்தின் முடிவில் ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்துபோய் வண்டியைத் திருப்பிச் செலுத்துவார். கொல்கத்தா டிராம்களுக்குப் பெரும்பாலும் ஒருமுனையில்தான் ஓட்டுநர் அறை. ஆகவே ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் வண்டி முழுவட்டம் சுற்றித் திரும்ப ஒரு வளையப் பாதை வேண்டும். வளையத்தின் நடுவில் இருக்கும் திடலில் எதுவும் ஓடாது. வரைபடத்தில் பார்த்தால் அது வெற்றிடம். நில அளவையர் கண்ணுக்கு அது உபரி. ஆனால் அந்த வெற்றிடம் இல்லாமல் வளையம் இல்லை. வளையம் இல்லாமல் தடம் இல்லை. ஒரு தடம் நின்றால் அதன் வண்டிகள் நிற்கும் கொட்டகை காலியாகும். கொட்டகை காலியானால் நிலம் உபரியாகும். நிலம் கைமாறினால் தடத்தை மீண்டும் தொடங்க வழியிருக்காது. பயன்பாடின்மை இங்கே ஒரு நிலையன்று, ஒரு நடைமுறை. 2020 மே மாதம் ஆம்பன் புயல் மேல்நிலை மின்கம்பிகளை அறுத்தெறிந்தபின் பல தடங்கள் திரும்பி வரவேயில்லை. புயல் செய்தது பாதி, சீரமைக்காத முடிவு செய்தது மீதி.

வார்த்தை மாறினால் நிலம் மாறும் என்பதற்குப் பம்பாய் ஆலை நிலங்களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தியாவில் இல்லை. மூடிய பஞ்சாலைகளின் நிலத்தில் மூன்றிலொரு பங்கு திறந்தவெளிக்கும், மூன்றிலொரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்று 1991ஆம் ஆண்டு வளர்ச்சி விதி சொன்னது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இப்பங்கீடு ஆலையின் மொத்த நிலத்துக்கன்றி, கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டும் என்றாயிற்று. ஆலைகளில் வெற்று நிலம் எவ்வளவு இருந்துவிடும்? பொதுப் பங்கு சுருங்கிப்போனது. அரசுக்குச் சொந்தமான தேசிய ஜவுளிக் கழகம் தன் ஆலை நிலங்களை 2005இல் ஏலம்விட்டது; 2006இல் உச்சநீதிமன்றம் திருத்தத்தைச் செல்லும் என்றது.

விற்பனை அல்ல, குத்தகைதானே என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். 99 ஆண்டு என்பது மனித வாழ்நாளைவிட நீண்டது. கையெழுத்திட்டவர் எவரும் அதன் முடிவைக் காண்பதில்லை. அந்நீண்ட காலத்துக்கு வாடகையை எப்படி எழுதுகிறார்கள் என்பதே உண்மையான கேள்வி. சென்னைக் கிண்டியில் 160 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட அரசு நிலம் 1945 முதல் 99 ஆண்டுக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குக் குத்தகையானது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. வாடகையை உயர்த்த முயன்ற அரசுக்கும் கிளப்புக்கும் பல்லாண்டு வழக்கு. 730 கோடி ரூபாய் நிலுவை என்று கூறி 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை இரத்துசெய்து இடத்துக்கு முத்திரையிட்டது. வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக்குப் போனபோது ‘விற்கவில்லை’ என்ற வாதம் கொழும்பில் எவரையும் அமைதிப்படுத்தவில்லை. மேற்கு வங்காளத்திலோ, அரசு நிலத்தின் நீண்டகாலக் குத்தகைதாரர்கள் கட்டணம் செலுத்தி முழு உரிமையாக மாற்றிக்கொள்ள அண்மை ஆண்டுகளில் வழிசெய்யப்பட்டுள்ளது. குத்தகைக்கும் விற்பனைக்கும் இடையிலிருந்த சுவர் அத்தனை தடிமனானது அன்று.

மறுதரப்பையும் நேராகச் சொல்லவேண்டும். அரசு நிலம் என்பதாலேயே அது பொதுநலத்துக்குப் பயன்படுகிறது என்று ஆகிவிடாது. துருப்பிடித்த வண்டிகளும் புதரும் மண்டிய ஒரு பணிமனை, வீடு கிடைக்காத நகரில் இழப்புத்தான். நட்டத்தில் ஓடும் போக்குவரத்து நிறுவனம் ஊழியரின் ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் கையேந்தும்போது, சும்மா கிடக்கும் நிலத்தைத் தொடாதே என்று சொல்வது எளிது. சம்பளம் கொடுப்பது கடினம். 2021ஆம் ஆண்டு நிதிநிலை உரையில் நிர்மலா சீதாராமன் முன்வைத்த நியாயமும் இதுவே: முடங்கிக் கிடக்கும் சொத்து நாட்டுக்கு உதவாது. அவ்வாண்டு ஆகஸ்டில் 6 லட்சம் கோடி ரூபாய் இலக்கோடு தேசியப் பணமாக்கல் திட்டமும், 2022 மார்ச்சில் தேசிய நிலப் பணமாக்கல் கழகத்துக்கான அமைச்சரவை ஒப்புதலும் வந்தன. இவற்றின் ஆவணங்களில் ‘மையமல்லாத சொத்து’ என்றொரு சொல் வருகிறது. ஒரு நிறுவனத்தின் மையத்தொழில் எதுவோ அதற்கு வேண்டாத நிலம் மையமல்லாதது. டிராமின் மையத்தொழில் டிராம் ஓட்டுவது. டிராமே நிறுத்தப்பட்டுவிட்டால் நிலம் முழுவதும் மையமல்லாததாகிவிடும்.

அப்படியானால் மேம்பாட்டு அறக்கட்டளை செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? அதுவும் விற்றதுதானே. வேறுபாடு பணம் போன இடத்தில் இருக்கிறது. அறக்கட்டளை விற்ற ஒவ்வொரு மனையின் விலையும் அடுத்த சாலையின் முதலானது. அதன் கணக்குப் புத்தகம் அதற்கென்றே தனியாக இருந்தது. நிலம் என்னும் முதல், வடிகால் என்னும் வேறொரு முதலாக மாறியது. நட்டத்தை அடைக்க நிலத்தை விட்டால் முதல் ஒருமுறை செலவாகிறது; நட்டம் அடுத்த ஆண்டும் வருகிறது. காலனிய அமைப்பொன்றைப் புகழ்வது இக்கால ஆய்வுலகில் சற்றுச் சங்கடமானது. அதன் வன்முறையை மறக்காமலே, அதன் கணக்கியல் ஒழுங்கு இன்றைய பணமாக்கலைவிடக் கண்டிப்பானது என்று சொல்வதில் தவறில்லை. அவ்வறக்கட்டளை 2017இல் பெருநகர வளர்ச்சி ஆணையத்தோடு இணைக்கப்பட்டு மறைந்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அரசுக்கு வேண்டாமற்போன நிலம் முன்பு கொடுத்தவருக்கே திரும்பவேண்டுமா? இங்கிலாந்தின் கிரிச்செல் டவுனில் 1938இல் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக எடுத்த 725 ஏக்கரைப் போருக்குப்பின் பழைய உரிமையாளருக்குத் தர மறுத்ததால் 1954இல் வேளாண் அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலக நேர்ந்தது. எஞ்சும் நிலத்தை முதலில் முன்னாள் உரிமையாளருக்கே தரமுன்வரவேண்டும் என்ற மரபு அங்கே அவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. இந்திய நீதிமன்றங்கள் வேறு வழி சென்றன. கேரள அரசுக்கும் எம். பாஸ்கரன் பிள்ளைக்கும் இடையிலான 1997ஆம் ஆண்டு வழக்கில், மிஞ்சிய நிலத்தை வேறொரு பொதுநோக்கத்துக்குப் பயன்படுத்தவேண்டும், இயலாவிட்டால் பொது ஏலத்தில் விற்கவேண்டும் என்றது உச்சநீதிமன்றம். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஐந்தாண்டு பயன்படாத நிலம் பழைய உரிமையாளருக்கோ அரசின் நிலவங்கிக்கோ போகும் என்கிறது. அந்த ‘அல்லது’ எவ்வளவு பெரியது என்று சட்டம் பயில்வோர் அறிவர். இப்பாதுகாப்புகள் எல்லாம் தனியாரிடமிருந்து எடுத்த நிலத்துக்கானவை. கம்பெனியோடு சேர்த்து வந்த டிராம் பணிமனைக்கு உரிமைகோரி நிற்க முன்னாள் உழவர் என ஒருவரும் இல்லை. அதனாலேயே அது விட எளிதான நிலம். வழக்காடக்கூடியவர் பயணி மட்டுமே.

பயணிகள் வழக்காடினர். பொதுநல வழக்கைக் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் விசாரித்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர், சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மாற்றலாகிச் சென்ற தலைமை நீதிபதி டி. எஸ். சிவஞானம். 2023இல் அவ்வமர்வு, டிராமை மீட்கத் தனியாருடன் கூட்டாகவேனும் வழியுண்டா என ஆராயச் சொல்லிக் குழு ஒன்றையும் அமைத்தது. 2025 ஜனவரியில், தண்டவாளங்கள்மீது தார் ஊற்றி மூடுவதை நிறுத்துமாறு ஆணையிட்டது. தண்டவாளம் தாருக்கடியில் போனபின் தடத்தைப் பற்றிய எந்த விவாதமும் வெறும் விவாதமாகிவிடும் என்பது நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது.

கரியாஹாட் பணிமனையின் ஒரு பகுதியில் 2020 டிசம்பரில் ‘டிராம் வேர்ல்டு’ என்னும் காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய வண்டிகளுக்கு வண்ணம் பூசி, உள்ளே படங்களும் பழம்பொருள்களும் வைத்துள்ளனர். அது திறந்தபோதும், அதற்குப்பின் சில ஆண்டுகளும், அதே வளாகத்தின் வளையப் பாதையில் 25ஆம் எண் வண்டி சுற்றித் திரும்பி எஸ்பிளனேடு நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கி டிராமைப் பார்க்க வந்தவர்களும், பயணச்சீட்டு வாங்கி டிராமில் ஏறியவர்களும் ஒரே வாயிலில் நின்றனர்.